புதுப்பிப்பு: சுளுக்கிய கணுக்காலோடு கோவளத்தில் முடித்துவிட்டேன்

கணுக்கால் சுளுக்கிய நிலையில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொள்ளலாமா என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களே அதிகம். இருந்தும் ஞாயிறன்று கோவளத்தில் இறங்கிவிட்டேன்.

முதல் மிதவையை எட்டுவதற்குள் நீச்சல் கண்ணாடியின் பட்டை அறுந்து, கண்ணாடி அலையோடு போயிற்று. உப்புநீரில் கண் எரிய, அடிக்கடி தலையை உயர்த்தி மிதவையைத் தேடியபடி நீந்தியதில், நேராகக் கடக்க வேண்டிய தூரத்தை வளைந்து வளைந்தே கடந்தேன்.

சைக்கிளில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். டியூபை மாற்றும் அவசரத்தில் இருந்த என்னிடம், இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர், "டயருக்குள்ள தடவிப் பாருங்க தம்பி" என்றார். தடவியபோது, அரிசி மணியளவுக் கம்பித்துண்டு ஒன்று விரலில் குத்தியது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் புது டியூபும் போயிருக்கும். இதற்கே 14 நிமிடங்கள் போயின.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பாதி ஓட்டம், பாதி நடை. மொத்தம் 2 மணி 8 நிமிடங்கள். கடைசியிலிருந்து மூன்றாம் இடம். கணுக்கால் மீண்டும் வீங்கியிருப்பதால், தடுத்தவர்கள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். வீக்கம் வடியும்வரை நீச்சல் மட்டுமே; புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று, இம்முறை இரண்டு.