நியூரைட்: துளிரா, விழுதா, கொடியா?

குழுவினருக்கு வணக்கம்.

இதய மருந்துகள் நரம்பு செல் வளர்ச்சியை என்ன செய்கின்றன என்றொரு கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். நாலு நாளாக 'நியூரைட்'டுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன். பாடநூலில் செய்தியை வெளியே கொண்டுபோகும் ஆக்ஸான் உண்டு, செய்தியை வாங்கும் டென்ட்ரைட் உண்டு. இது இரண்டும் இல்லை. வளர்ப்புத் தட்டில் இளம் நரம்பு செல் முதன்முதலாக நீட்டும் இழை. எது ஆக்ஸான் ஆகும், எது டென்ட்ரைட் ஆகும் என்பது அப்போது முடிவாகியிருக்காது.

'நரம்புமுளை' என்று வைத்துப் பார்த்தேன். தட்டச்சில் இரண்டு இடத்தில் 'நரம்பு மூளை' ஆகிவிட்டது. விட்டுவிட்டேன்.

'நரம்புத்துளிர்' அழகுதான். ஆனால் துளிர் என்றாலே வளர்கிறது என்று ஆகிவிடுகிறதே! மருந்துகளோ இரு பக்கமும் இழுக்கின்றன. ஒரு காலத்தில் அம்பு நஞ்சாக இருந்த ஊவாபெயின், இதய மருந்தான டிஜாக்சினைப் போலவே, செல்சவ்வில் உப்பு அயனிகளை இறைக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைக்கும். கோழிக்கருவின் நரம்பு முடிச்சுகளில் அது இந்த இழைகளின் வளர்ச்சியைக் குறைக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் இன்னும் சிக்கல். செல் கொலஸ்ட்ராலை உண்டாக்கும் மெவலோனேட் பாதையை அவை மறிப்பதால் கொலஸ்ட்ரால் மட்டும் குறைவதில்லை. ரோ என்ற புரதம் செல்சவ்வில் ஒட்டிக்கொள்ள உதவும் கொழுப்பு வாலும் கிடைக்காமல் போகிறது. ரோதான் இழையைப் பிடித்து நிறுத்துவது. பிடி தளர்ந்ததும் சில வகை செல்களில் இழை நீள்கிறது. மூளைப் புறணி செல்களிலோ, அதே வால் இல்லாததால் இருந்த இழையும் அழிகிறது. இதற்குப் போய்த் துளிர் என்பதா?

ஆகவே 'நரம்பு விழுது'. ஆலம்விழுது தரை தொடும்வரை வெறும் நூல், தொட்டபின் தூண். என்ன சொல்கிறீர்கள்?

---

அம்மா, ஆலமரம் சரி. ஆனால் வீட்டில் விழுது என்றால் இஞ்சி பூண்டு விழுதுதான். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் மூளைத் திசுவை நிஜமாகவே அரைக்கிறார்கள். 'நரம்பு விழுதில் டிஜாக்சின் சேர்த்தனர்' என்று படித்தால் எனக்கு அம்மிதான் நினைவுக்கு வரும்.

'நரம்புக்கொடி' என்று வையுங்கள். அவரைக்கொடியின் நுனி காற்றில் துழாவிப் பந்தற்காலைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1890இல் ஸ்பெயின் நரம்பியலாளர் ராமோன் இ காஹால் கோழிக்கருவில் கண்டு எழுதிய வளர்கூம்பும் அப்படித்தான், இழையின் நுனியில் வழி தேடிக்கொண்டே போகும். கொடி ஓடும், வாடும், கருகும். மருந்து எந்தப் பக்கம் இழுத்தாலும் சொல் கூடவே வரும். கொடியும் கயிறு போலத்தானே, மண்புழுவின் நரம்பு வடத்தோடு குழம்புமோ என்று யோசித்தேன். குழம்பாது.

---

ஐயா, அம்மி வரை நான் யோசிக்கவே இல்லை! கொடியே இருக்கட்டும். இழை வளர்ந்து நீள்வதைச் சொல்லும் 'நியூரைட் அவுட்குரோத்' என்று தனியாக ஒரு தலைவலி இருந்தது, அதுவும் தீர்ந்தது: கொடியோட்டம். வரைவில் இப்போது இப்படி இருக்கிறது: 'ஊவாபெயின் சேர்த்த தட்டுகளில் கொடியோட்டம் குறைந்தது.'

வளர்கூம்பு திடீரென்று சுருண்டுபோவதற்கு மட்டும் இன்னும் சொல் வேண்டும். 'நுனிச்சுருக்கம்' எப்படி?