பென்டிரைவைக் கழற்றினால் மேக்புக் எழ மறுக்கிறது (2012 மாடலில் சோனோமா)

நெய்தல்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ. ரேம் 8 ஜிபி, ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். இந்த மாடலுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு கேட்டலினா. அதற்கும் 2022க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் கிடையாது. பிரவுசரும் "உங்கள் சிஸ்டம் பழையது" என்று தினமும் நச்சரிக்க ஆரம்பித்ததால், ஓபன்கோர் லெகசி பேட்சரை (ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளில் புதிய மேக்ஓஎஸ் ஏற்ற உதவும் மென்பொருள்) வைத்து, கேட்டலினாவைவிடப் புதிய பதிப்பான சோனோமாவை ஏற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

நேற்று இரவு 32 ஜிபி பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். நடுவில் சில முறை தானாக ரீஸ்டார்ட் ஆகி, கடைசியில் டெஸ்க்டாப் வந்தது. வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை, விண்டோவை இழுத்தால் விட்டு விட்டு நகர்ந்தது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பென்டிரைவைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆன் செய்தால் திரை நடுவில் வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும். அவ்வளவுதான்.

ஒரு வீடியோவில் சொன்னபடி கமாண்ட், ஆப்ஷன், பி, ஆர் நான்கையும் அழுத்தி என்விரேம் ரீசெட்டும் (எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் போன்ற அமைப்புகளை மேக் நினைவில் வைக்கும் சின்ன மெமரியை அழிப்பது) செய்தாகிவிட்டது. பலனில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேட்டலினாவுக்கே திரும்பிவிடவா? ஃபைல்களுக்கு நகல் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

பழைய இரும்பு:
எதையும் அழிக்காதீர்கள். ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். பென்டிரைவ் இல்லாமல் ஒருமுறை, செருகி ஒருமுறை. என்னென்ன ஐகான் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

மின்மினி:
மேக்ஓஎஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

நெய்தல்:
@பழைய இரும்பு: இல்லாமல் பார்த்தால் மேக்கிண்டாஷ் ஹெச்டி மட்டும். செருகினால் கூடவே "இஎஃப்ஐ பூட்" என்று ஒன்றும், சோனோமா இன்ஸ்டாலரும் வருகின்றன. இஎஃப்ஐ பூட்டைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வந்த பட்டியலில் ஹெச்டியைத் தொட்டேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது!

பழைய இரும்பு:
அப்படியானால் எஸ்எஸ்டிக்கும் ஒன்றுமில்லை, இன்ஸ்டாலுக்கும் ஒன்றுமில்லை. சோனோமா எழும்போது "இது எந்த மாடல்?" என்று பார்க்கும். தன் பட்டியலில் இல்லாத மாடல் என்றால் அந்தக் குறுக்குக்கோட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஓபன்கோர் வாசலிலேயே நின்று "நம்ம ஆள்தான், உள்ளே விடுங்க" என்று சொல்லி அனுப்புகிறது. உங்கள் விஷயத்தில் அந்த ஆள் பென்டிரைவில் மட்டும்தான் இருக்கிறார். அவரைத்தான் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்தேன்.

இப்போது வந்திருக்கும் டெஸ்க்டாப்பிலேயே பேட்சர் ஆப்பைத் திறங்கள். "பில்ட் அண்ட் இன்ஸ்டால் ஓபன்கோர்" கொடுத்து, எந்த டிஸ்க் என்று கேட்கும்போது பென்டிரைவை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காட்டுங்கள். அதில் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், அதில்தான் போய் உட்காரும். உங்கள் ஃபைல்களைத் தொடாது. பிறகு ஷட்டவுன், பென்டிரைவைக் கழற்றுங்கள், ஆப்ஷன் கீயோடு ஆன் செய்யுங்கள். இப்போது எஸ்எஸ்டியிலிருந்தே ஓர் இஎஃப்ஐ பூட் தெரியும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தால் இனி அதுவே இயல்பான வழியாகிவிடும். என்விரேம் ரீசெட் செய்தால் இந்தத் தேர்வும் மறந்துபோகும், அதனால் அந்த வைத்தியத்தை இனிமேல் விட்டுவிடுங்கள்.

@மின்மினி: மின்ட் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இதிலுள்ள பிராட்காம் வைஃபைக்கு அங்கேயும் தனியாக ட்ரைவர் போட வேண்டியிருக்கும். அவர் கேட்டதும் மேக்ஓஎஸ்தானே.

நெய்தல்:
பென்டிரைவ் இல்லாமல் மூன்று முறை ஆன் செய்து பார்த்தேன், எழுகிறது! நன்றி அண்ணா. வைஃபைதான் இன்னும் இல்லை. போனை யூஎஸ்பியில் செருகி அதன் நெட்டைப் பகிர டெதரிங் போட்டும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை.

ராத்திரிப்பூச்சி:
ஆண்ட்ராய்டு போனா? மேக் பெரும்பாலும் அதைச் சேர்க்காது. ஐபோன் என்றால் எடுக்கும். ஆனால் உங்கள் லேப்டாப்பில் இடப்பக்கம் லேன் போர்ட்டே இருக்கிறதே, அந்தக் காலத்து வசதி. ரூட்டரிலிருந்து ஒரு கேபிளைச் செருகுங்கள்.

இன்டெல் ஹெச்டி 4000 கிராபிக்ஸுக்கான ட்ரைவரைச் சோனோமாவுக்கு முன்பு வந்த மான்டரே பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய வைஃபை கார்டுகளுக்கானதைச் சோனோமாவில் எடுத்தார்கள். அதனால்தான் இரண்டும் சேர்ந்து படுத்திருக்கின்றன. கேபிளில் நெட் வந்ததும் பேட்சரில் "போஸ்ட் இன்ஸ்டால் ரூட் பேட்ச்" கொடுத்தால் இரண்டையும் திரும்பப் போட்டுவிடும். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட்.

இதற்கு ஒரு விலை உண்டு, தெரிந்தே கொடுங்கள். சிஸ்டம் பகுதியின் முத்திரையை (யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஆப்பிள் வைத்த டிஜிட்டல் அடையாளம்) உடைத்துத்தான் பேட்ச் போகிறது, ஆப்பிளின் பாதுகாப்பு அமைப்பில் ஒன்றைத் தளர்த்தியும் வைக்க வேண்டும். முத்திரை உடைந்த பிறகு சின்ன அப்டேட்டுக்குக்கூட முழு இன்ஸ்டாலரையே இறக்கும், 10 ஜிபிக்கு மேல். ஒவ்வொரு அப்டேட்டும் பேட்சைத் துடைத்துவிடும், மறுபடி போட வேண்டும். எனவே தானியங்கி அப்டேட்டை இன்றே நிறுத்துங்கள். முதலில் பேட்சரைப் புதுப்பித்த பிறகே சிஸ்டத்தைப் புதுப்பியுங்கள். வேலைக்கு நம்பியிருக்கும் ஒரே லேப்டாப் இதுதான் என்றால் நான் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டேன்.

நெய்தல்:
இது இரண்டாவது லேப்டாப்தான். ரூட்டர் மாடியில் இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தே பேட்ச் போட்டேன். வைஃபை வந்துவிட்டது, விண்டோக்களும் வழுக்கிக்கொண்டு போகின்றன. பிரவுசரில் பதினைந்து டேப் திறந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது. ரேமை 16 ஆக்கலாமா? ஆப்பிள் 8 தான் உச்சம் என்கிறதே?

பழைய இரும்பு:
16 ஏற்கும். இரண்டு 8 ஜிபி டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ், லேப்டாப் சைஸ். என்னுடையதில் அதுதான் ஓடுகிறது. அந்தப் பென்டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து படம் ஏற்றிவிடாதீர்கள், அப்படியே டிராயரில் கிடக்கட்டும்.