இந்த முதிய நியூட்ரான் விண்மீன் ஏன் இன்னும் ஆறவில்லை?

வணக்கம் நண்பர்களே, ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன், உதவுங்கள். பி.எஸ்.ஆர். ஜே0437-4715 என்ற நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கரு) நொடிக்குச் சுமார் 174 முறை சுழல்கிறது. வயது பல நூறு கோடி ஆண்டுகள். இந்நேரம் ஆறிப்போயிருக்க வேண்டும். ஆனால் ஹபிள் புறஊதாவில் பார்த்தபோது மேற்பரப்பு 1 லட்சம் கெல்வின் அளவில் இருந்தது!

சுழற்சி குறையக் குறைய மையவிலக்கு விசை தளரும், உள்ளகம் இறுகும், நியூட்ரான்-புரோட்டான் சமநிலை குலையும். அதைச் சரிசெய்யும் பீட்டா வினைகள் (நியூட்ரானும் புரோட்டானும் ஒன்று மற்றொன்றாக மாறும் வினைகள்) வெப்பம் தரும் என்பது ஒரு விளக்கம். சரி, இது புரிகிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அப்புறம், மேலோட்டில் மிகைப்பாய்மச் சுழிகள் (உராய்வின்றி ஓடும் நியூட்ரான் பாய்மத்தில் உருவாகும் நுண்சுழல்கள்) நகரும்போது எழும் உராய்வு என்று இன்னொரு விளக்கம்.

எந்த அளவீட்டை வைத்து இரண்டையும் பிரித்தறிவது? இத்துறையில் இருப்பவர்கள் எளிய கணக்கோடு விளக்க முடியுமா?