புதுப்பிப்பு: கோல்ஃபில் ஏழாம் அயர்ன் சரியாகிவிட்டது, காரணம் டெம்போ (வீச்சின் தாளம்)

ஏழாம் அயர்ன் என்ற கோல்ஃப் கிளப்பால் (மட்டையால்) அடிக்கும்போது பந்தைத் தொடும் முன்பே தரையைக் கொத்துகிறேன், என்ன செய்வது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை, மாற்றியதில் பலனில்லை. "மெதுவாகச் சுற்று" என்ற யோசனை நிலைமையை இன்னும் கெடுத்தது. கைகொடுத்தது, ஸ்விங்கை (கிளப்பை வீசுவதை) வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணச் சொன்னவரின் யோசனைதான். நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்தேன்: கிளப் மேலே போக 288 ஃபிரேம், இறங்கிப் பந்தைத் தொட 72. அதாவது நாலுக்கு ஒன்று. நல்ல ஆட்டக்காரர்களுக்கு இது மூன்றுக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அவசரப்படுகிறேன் என்று நினைத்திருந்தவன் உண்மையில் மேலே போகும்போது தூங்கிக்கொண்டிருந்தேன்!

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 200 தட்டில் வைத்து, தட்டுக்கு ஓர் எழுத்தாக 'த-தி-கி-ண-தோம்' சொல்லிப் பழகினேன். 'த'வில் கிளப் நகர வேண்டும், 'ண'வில் உச்சி, 'தோம்' பந்தில். முதல் இரண்டு நாள் 'ண' வரும்போது கிளப் இடுப்பைத்தான் தாண்டியிருந்தது. மூன்று வாரத்தில் 220 ஃபிரேமுக்கு 72, கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. பந்துக்கு அப்புறம்தான் புல் பெயர்கிறது.

எதிர்பாராதது: டிரைவரில் (தூரமாக அடிக்கும் கிளப்பில்) ஸ்லைஸ், அதாவது பந்து பக்கவாட்டில் வளைந்து போவது, அப்படியே இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன். பட்டிங்குக்கும் (பந்தைக் குழிக்கு உருட்டுவதற்கும்) இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.