அங்கே என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள்

வெளிநாட்டில் படித்த அனுபவத்தை எழுதச் சொன்ன இந்த இடத்தில், குளிர், சாப்பாடு, பகுதிநேர வேலை, ரூம்மேட் சண்டை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டீர்கள். நான் இனிஷியலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் இருந்த இரண்டு வருஷத்தில் என்னை அதிகம் அலைய விட்டது அந்த ஒற்றை எழுத்துதான்.

வீடு அம்பத்தூர். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மெக்கானிக்கல் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 2023 அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க டோர்ட்முண்ட் போனேன். பாஸ்போர்ட் மட்டும் அதற்கு வெகுநாள் முன்பே எடுத்தது. அதில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் அண்ணன் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரையும் 'கிவன் நேம்' கட்டத்தில் என் பெயரையும் அடித்தார். எனக்கு 19 வயது. சாலிகிராமத்தில் போட்டோ பிடித்தார்கள், கைரேகை வைத்தேன், வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தேன். கட்டத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்?

முதல் இடி ஏ.பி.எஸ்.ஸில். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து அந்தச் சான்றிதழ் கட்டாயம். 18,000 ரூபாய் கட்டினால் நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் அசல்தானா என்று பார்த்துச் சொல்வார்கள். டிகிரியில் இருப்பது என் பெயரும் ஓர் எழுத்தும். பாஸ்போர்ட்டில் இருப்பது என் பெயரும் அப்பாவின் முழுப் பெயரும். எதற்கும் ஒரு அஃபிடவிட் வைத்துக்கொள் என்று சீனியர் சொன்னான். பாரிமுனையில் ஒரு நோட்டரியைப் பிடித்து, எழுத்தோடு இருப்பவனும் அப்பாவோடு இருப்பவனும் ஒரே ஆள்தான் என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் வாங்கினேன். அந்த ஆள் நான்தானா என்று நோட்டரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட், விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கிற கணக்கு. அப்போது 11,208 யூரோ, ஏறக்குறைய 10 லட்சம். நம் பணம்தான், ஆனால் அங்கே போன பிறகு மாசம் 934 யூரோவாகத்தான் விடுவார்கள். லோன் கதையை விடுகிறேன், எல்லார் வீட்டிலும் அது ஒரே கதைதான்.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு, நம் ஊர் மாதிரி எஃப்-2, மூன்றாவது மாடி என்று விலாசத்தில் எழுதும் வழக்கம் இல்லை. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். கீழே வரிசையாக லெட்டர் பாக்ஸ் இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். இது தெரிந்துதான் போன அன்றே என் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். என் பெயரை மட்டும்.

இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும், அதையும் செய்தாயிற்று. பேங்கில் கணக்கும் திறந்தாயிற்று. கார்டு ஒரு கவரில் வரும், பின் நம்பர் தனிக் கவரில் வரும், இன்சூரன்ஸ் கார்டு வரும், வரி எண் வரும் என்றார்கள். எல்லாமே தபாலில்தான். இவ்வளவு முன்னேறிய நாட்டில் இவ்வளவு காகிதமா என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம்.

கையில் கொண்டுபோன யூரோ தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைக்கும். எங்கள் ஃப்ளாட்டில் நான்கு பேர், சமையலறை மூலையில் பாட்டில் குவிந்து கிடந்தது. நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இரண்டு பை நிறைய கொண்டுபோய் சூப்பர் மார்க்கெட் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டு, வந்த சீட்டில் அரிசியும் தயிரும் வாங்கினேன். இதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

அதே வாரம் காய்ச்சல். ஒரு டாக்டரிடம் போய்க் காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்து 'ஹெர்', அதாவது நம் 'திரு', என்று ஆரம்பித்து ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. மறுபடி சொன்னார். பாவம் யாரோ தூங்கிவிட்டார் போல என்று நானும் சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் தடவைதான் உறைத்தது, அவர் கூப்பிடுவது அப்பாவை. முருகனுக்கு ஆறு முகம், அதில் மூன்றை அவர் விழுங்கிவிட்டிருந்தார். எழுந்து நின்றபோது, சத்தியமாக, பின்னால் அப்பா நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் அவர் அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் கீழே போய் தபால்காரருக்காக நின்றேன். மஞ்சள் சைக்கிள், வயசானவர். என் ஜெர்மன் அப்போது நுங்கம்பாக்கத்தில் படித்த ஏ-1, அதாவது ஆரம்பப் பாடம் அளவு. பாஸ்போர்ட்டைத் திறந்து அப்பா பெயரைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். நம் ஊர் ஆள் மாதிரியே அடித்துக்கொண்டார்! பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, அப்பா பெயரைப் பெரிய எழுத்தில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதி, என் பெயருக்கு மேலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வந்த முதல் கடிதம் என்ன தெரியுமா? ரேடியோ, டிவி கட்டணம், மாசம் 18.36 யூரோ. எங்கள் ஃப்ளாட்டில் டிவியே கிடையாது. டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டியே ஆகவேண்டுமாம்.

பிறகு பழகிவிட்டது. பரீட்சைப் பட்டியலில் அப்பா, லேப் அலமாரியில் அப்பா, பேராசிரியர் மின்னஞ்சலில் 'அன்புள்ள ஹெர் அப்பா'. பத்தாவதோடு நிறுத்திய மனுஷன், பல்கலைக்கழகத்தில் எல்லாக் கதவிலும் இருந்தார். டோர்ட்முண்ட் வளாகத்தில் ஆளில்லாமல், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஒரு ரயில் ஓடும், 1984இலிருந்து ஓடுகிறது. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். "அது சரி, மேலே கிரீஸ் எப்படிப் போடுறாங்க?" என்று கேட்டார். நானும் ஒரு மாசம் விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் அந்தக் கேள்வியே புரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த ஆள். டோர்ட்முண்டிலிருந்து ஹாம் என்கிற ஊர் பக்கம்தான். அங்கே ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை மாதிரியான இடத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. தூரத்திலிருந்து கோபுரத்தைப் பார்த்தால் காஞ்சிபுரம் ரோட்டில் வருகிற மாதிரி இருக்கும். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருவார்கள், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். அடுத்த கோடையில் நானும் போனேன். அன்னதான வரிசையில் ஒரு அம்மா, எழுபதை ஒட்டிய வயசு, "தம்பி, உங்கட பேர் என்ன?" என்றார். நான் வாய் தவறி அப்பா பெயரைச் சொன்னேன். எட்டு மாசப் பழக்கம்.

"அது அப்பான்ட பேர் எல்லோ? உங்கட பேரைச் சொல்லுங்கோ."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். சிரித்தார். "இந்த வயசுப் பெடியனுக்கு ஆர் இந்தப் பேர் வைக்கிறது?" என்றார். அப்புறம் அவரே சொன்னார், அவர் கணவர் 1985இல் வந்தாராம். "அவர்ட பேர்தான் மகனுக்கும் பின்னால, பேரப்பிள்ளையளுக்கும் பின்னால. ஆள் போய் ஆறு வருசம். பள்ளிக்கூடத்தில இண்டைக்கும் அவரைத்தான் கூப்பிடுகினம். போன் வந்தாலும் அவர்ட பேரைத்தான் கேட்பினம்." சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றச் சொன்னார்.

* * *

நானும் எழுதிவிடுகிறேன், இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்கு உங்களுக்கு நேர்மாறு. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, முழுப் பெயரும் கிவன் நேமில். ஜெமினி பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கிடைத்த சந்தோஷத்தில் ஸ்டிக்கரைச் சரியாகப் பார்க்கவில்லை. என் பெயர் சர்நேம் இடத்தில் ஏறியிருந்தது, கிவன் நேம் இடத்தில் 'எஃப்.என்.யூ.'. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். இருபத்திரண்டு வருஷம் எல்லாருக்கும் தெரிந்திருந்த பெயர், அட்லாண்டிக் தாண்டியதும் தெரியாமல் போய்விட்டது.

யுனிவர்சிட்டியில் முதல் வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்தவர் "ஃப்னூ?" என்றார். நான் கை தூக்கினேன். பின்னாலிருந்து இன்னும் இரண்டு கை. ஒருத்தி இந்தோனேசியா, ஜாவாவில் ஒற்றைப் பெயர் சகஜமாம். இன்னொருவன் ஆப்கானிஸ்தான். மூன்று ஃப்னூ! அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ ஒரே குடும்பம் என்று நினைத்தாரோ என்னவோ. அன்று மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம், படிப்பு முடியும்வரை பிரியவில்லை. என் ரூம்மேட் ஒரு விஜயவாடாப் பெண், அவளுக்கு வீட்டுப் பெயர் முன்னாலேயே உண்டு, ஒரு பிரச்சினையும் இல்லை. 'உங்களுக்கெல்லாம் ஏன் குடும்பப் பெயரே இல்லை' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

* * *

அந்தப் பதிலை நான் சொல்கிறேன். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு அப்பா. நம் பக்கத்திலும் பெயருக்குப் பின்னால் ஒன்று இருந்தது, சாதிப் பட்டம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள், அங்கேயே பலர் விட்டார்கள். என் தாத்தா கொஞ்சம் தாமதமாக விட்டார், கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. அந்தக் காலி இடம்தான் இப்போது விசா ஃபாரத்தில் கட்டமாக வந்து நிற்கிறது. காலியாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் என் தங்கை மகனுக்கு பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில் துபாய்க்கு விசிட் விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களை விடுவதில்லை என்று உத்தரவு வந்தபோது, மீனம்பாக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்சி வேறு, ஏர்போர்ட் கவுண்டர் வேறு.

என் மகள் அடுத்த வருஷம் போகிறாள். அவள் பாஸ்போர்ட்டை என்ன செய்யலாம்?

* * *

மாம்பலம் சார், முதல் பதிவு எழுதியவன்தான். இரண்டு கட்டத்தையும் நிரப்பிப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். அதையும் ஐஈஎல்டிஎஸ், ஜிஆர்இ பதிவு செய்வதற்கு முன்னால். பரீட்சைக்குக் கொடுக்கும் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும், பிறகு மாற்றினால் எல்லா இடத்திலும் துரத்த வேண்டியிருக்கும். போன பிறகு லெட்டர் பாக்ஸில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

நான் போன மாசம் திரும்பினேன். அறையைக் காலி செய்யும்போது அந்தத் தபால்காரர் ஒட்டிய தாளை மெதுவாக உரித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து எடுத்துவந்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். இப்போது அது அவருடைய டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"முன்னாடி அந்த ஹெர் போடலியே?"