மல்லாவியில் ஓடும் காருக்கு எந்தக் காப்புறுதி: பெரிய கம்பனியா, சின்னதா?

மல்லாவி மருதமரம்: 2014 வகன் ஆர் ஒன்று வாங்கியிருக்கிறேன். லீசிங் இல்லை, அதனால் எந்தக் கம்பனி என்பது என் விருப்பம். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேட் பாட்டி (நம் வாகனத்தால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டுமான காப்புறுதி) போதும். ஆனால் இரவில் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளை நினைத்தால் ஃபுல் இன்சூரன்ஸ்தான் சரி என்று படுகிறது. பெரிய கம்பனி கேட்பது சின்னதை விட 18,000 ரூபாய் கூட. எதை எடுக்கலாம்?

பரந்தன் சந்தி: பெரியதையே எடுங்கள் தம்பி. போன மார்கழி, இரவு ஒன்பதரை, ஒட்டுசுட்டான் தாண்டி எருமை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. பம்பர் இரண்டாகப் பிளந்து, ரேடியேற்றர் தண்ணீர் பச்சையாகத் தாரில் ஓடியது. பிள்ளைகள் பின்சீட்டில். ஃபோன் எடுத்தேன், தமிழிலேயே கதைத்தார்கள். முல்லைத்தீவிலிருந்து ஆள் வந்து டோர்ச் அடித்துப் படம் எடுத்து, அங்கேயே தாள் எழுதித் தந்தார். காசு நேரே கராஜுக்குப் போனது. அந்த ஒரு இரவுக்கு 18,000 பெரிய காசே இல்லை.

வவுனியா கராஜ்: அண்ணை சொல்வது உங்களுக்கு நடந்தது. நான் 17 வருடமாக மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். ரோட்டுக்கு ஆள் வருவது வேறு, கராஜில் எஸ்டிமேற் பாஸ் ஆவது வேறு. அண்மையில் ஒரு ஓல்டோ வந்தது, பெரிய கம்பனிதான். ஹெட்லைட்டைப் பொடியில் பூட்டும் மூன்று காதில் ஒன்று உடைந்திருந்தது. படத்தில் அது தெரியாது. கொழும்பிலிருந்து பதில் வர 11 நாள், வந்த பதிலும் "ஒட்டலாம்". ஒட்டினால் லைட் ஆடும், இரவில் வெளிச்சம் மரத்துக்குப் போகும். சின்னக் கம்பனியின் வவுனியாக் கிளைக்காரர் என்றால் நேரே வந்து, கையால் ஆட்டிப் பார்த்து, அன்றே கையெழுத்து வைப்பார்.

பரந்தன் சந்தி: சின்னது நாளைக்கு மூடிவிட்டால் அந்தக் கையெழுத்தை வைத்து என்ன செய்வது?

புளியங்குளம் ரீச்சர்: அதற்குச் சட்டம் இருக்கிறது அண்ணை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டப்படி எல்லாக் கம்பனியும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கீழ்தான். மூலதனப் போதுமை விகிதம், அதாவது வரக்கூடிய நட்டத்தைத் தாங்கக் கம்பனியிடம் எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்ற அளவு, குறைந்தது 120 வீதம், மூலதனம் குறைந்தது 50 கோடி ரூபாய். பெரியது சின்னது எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. 120ஐ ஒட்டி நிற்கும் கம்பனியை விடுங்கள், நன்றாக மேலே நிற்பதை எடுங்கள். கணக்கறிக்கையில் இருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வாகனத்தின் பெறுமதி. 2020 பங்குனியில் இறக்குமதி நின்று விலை ஏறியபோது என் தம்பி பழைய பெறுமதியிலேயே புதுப்பித்தான். சந்தையில் 60 இலட்சம், பத்திரத்தில் 30. நான்கு இலட்சம் திருத்தச் செலவுக்கு இரண்டுதான் கிடைத்தது, பாதி வாகனத்துக்குத்தானே காப்புறுதி என்றார்கள். 2025 மாசியிலிருந்து கார்கள் மறுபடி வருவதால் விலை இன்னும் ஆடும். வருடா வருடம் பெறுமதியை மாற்றுங்கள். கம்பனி நியாயமில்லாமல் மறுத்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.

பரந்தன் சந்தி: சரி ரீச்சர், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 120 வீதம் நெடுங்கேணிக் காட்டுக்குள் இழுவை வாகனம் கொண்டு வருமா?

வவுனியா கராஜ்: இரண்டு கம்பனியும் கூப்பிடுவது எங்களைத்தான் அண்ணை. பெரியதுக்கும் போயிருக்கிறேன், சின்னதுக்கும் போயிருக்கிறேன், அதே கயிறு.

பரந்தன் சந்தி: வன்னிக்குள் என்றால் சரி. குருநாகலில் அடிபட்டால் உங்கள் வவுனியாக் கிளைக்காரர் கையால் ஆட்டிப் பார்க்க வருவாரா?

வவுனியா கராஜ்: அது நியாயமான கேள்வி. கொழும்பு ஓட்டம் கூட என்றால் நானும் பெரியதைத்தான் சொல்வேன். தம்பிக்கு எங்கே ஓட்டம்?

மல்லாவி மருதமரம்: கிழமைக்கு இரண்டு தரம் மாங்குளம் வழியாக வவுனியா. கொழும்புக்கு வருடத்தில் ஒரு முறை, அதுவும் அநேகமாக பஸ்ஸில். நேற்று இரவு பத்து மணிக்கு இரண்டு இலக்கத்துக்கும் எடுத்துப் பார்த்தேன். பெரியதில் தமிழ் பேசுபவர் வர நான்கு நிமிடம். சின்னதில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள், ஆனால் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டதற்குக் காலையில் சொல்வதாகச் சொன்னார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சிப் பக்கம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பார்த்தவன் நான். வெள்ளத்தைச் சேர்த்து எழுத்தில் தந்தால் சின்னதையே எடுக்கிறேன்.

பரந்தன் சந்தி: வாயால் சொன்னால் விடாதீர்கள் தம்பி. தாளில் வாங்கிய பிறகு காசைக் கட்டுங்கள்.