டீ டைமை விடவில்லை, தம்மை மட்டும் விட்டோம்

திருப்பூர், கட்டிங் மாஸ்டர்

வருஷக்கணக்கில் சேர்ந்து தம் அடித்தவர்களே சேர்ந்து அதை விட முடியுமா? முடியும். எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதி எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேசை நீளத்துக்குத் துணியை லே போட்டு அடுக்கியிருக்கும், பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். உள்ளே தீக்குச்சி உரசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தம் என்றால் கேட்டுக்கு வெளியேதான். காலை டீ டைம், சாயங்கால டீ டைம், நைட் ஓடினால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு. எதிரே பெட்டிக்கடை, கம்பத்தில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர். அங்கே எப்போதும் நாங்கள் நாலு பேர் நிற்போம். நான், அயர்ன் மாஸ்டர், பேக்கிங் அண்ணன், டெம்போ ஓட்டும் தம்பி. எல்லாருக்கும் மீசை முளைத்த காலத்துப் பழக்கம். டெம்போ தம்பி பீடி, மற்றவர்கள் சிகரெட். ஒருத்தர் பற்றவைத்தால் மற்ற மூன்று பேருக்கும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். வீட்டில் சொல்லாத கஷ்டத்தைக்கூட அந்தப் பத்து நிமிஷத்தில் பேசியிருக்கிறோம். விடுவது அத்தனை கஷ்டமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தம்மை விட்டால் இந்த ஆட்களையும் விட வேண்டி வருமோ என்ற பயம் எல்லாருக்கும் உள்ளுக்குள் இருந்தது.

டெம்போ தம்பிக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் சரியாகும், நடந்தால் மறுபடி வலிக்கும். அப்புறம் பெருவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை, ஓரம் கறுக்க ஆரம்பித்தது. சர்க்கரையும் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு பர்ஜர் நோய் என்றார்கள். கை, கால் நுனிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புண்பட்டு அடைத்துக்கொள்ளும் நோய். புகையிலை பழகியவர்களுக்குத்தான் வரும் என்றே சொல்லலாம், பெரும்பாலும் 45 வயதுக்குள். குறைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சே கூடாது, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிடித்தாலும் நோய் ஏறிக்கொண்டேதான் போகும், முழுக்க விட்டால் விரலைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் டீ டைமுக்கு வந்தான். விரலில் போட்ட கட்டு செருப்புக்கு வெளியே வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது. டீயை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போலப் பற்றவைத்திருந்தோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், டீ ஆடை கட்டிவிட்டது. அயர்ன் மாஸ்டர்தான் பாதி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "நாம குடிச்சுக்கிட்டு இவன மட்டும் விடுன்னா எப்படிங்க விடுவான்? விட்டா நாலு பேரும் விடோணும்" என்றார்.

அன்றைக்கே பேசி வைத்துக்கொண்டோம். டீ டைமுக்கு நாலு பேரும் கட்டாயம் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்கடைப் பக்கம் வேண்டாம், அடுத்த தெரு பேக்கரிக்குப் போவோம். அங்கே டீயும் தேங்காய் பன்னும். யாருக்குக் கை பரபரத்தாலும் பற்றவைப்பதற்கு முன்னால் மற்ற மூவரில் ஒருத்தருக்குப் போன் போட வேண்டும், அவர் எந்த நேரமானாலும் எடுக்க வேண்டும். அந்தத் தவிப்பு சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், பேசிக்கொண்டே இருந்தால் இறங்கிவிடும். ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் அயர்ன் மாஸ்டர் கூப்பிடுவார். "ஏனுங்க மாஸ்டர், நாளைக்கு எந்த ஆர்டருங்க கட்டிங் போகுது?" என்பார். அயர்னுக்கு அது வந்து சேர இன்னும் எத்தனையோ நாள் ஆகும். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கலர் வாரியாக எத்தனை பீஸ் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முதல் மூன்று நாள் மோசம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். தம்மில் இருந்து ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ரெண்டு மூன்று நாளில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும், எரிச்சலும் தூக்கமின்மையும் அப்போதுதான் உச்சம். அது தெரிந்திருந்ததால் அந்த நாட்களில் அயர்ன் மாஸ்டர் ஹெல்பர் பையனிடம் சத்தம் போட்டபோது நாங்கள் நடுவில் போய் நின்றுகொண்டோம்.

ஆனால் முன்கூட்டி யாரும் சொல்லாத விஷயங்கள் சில உண்டு. காலையில் ஒரு தம் போட்டால்தான் வெளிக்குப் போகும் என்கிறவர்களுக்கு விட்ட புதிதில் மலச்சிக்கல் வரும். இதற்காகவே மறுபடி பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். நிறையத் தண்ணீர், கீரை, வாழைப்பழம் என்று கொஞ்ச நாள் ஓட்டினால் குடல் பழகிவிடும். வாயில் புண் வரலாம். இருமல் குறையும் என்று நினைப்போம், சிலருக்கு முதலில் கூடும். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் திரும்ப வேலை செய்யத் தொடங்குவதால் தேங்கிக் கிடந்தது வெளியே வருகிறது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ இருமல் வாரக்கணக்கில் நீண்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் டீ. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் இருக்கும் கஃபீனை வேகமாகக் கரைய வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் நின்றுவிடும். பழையபடி அதே எண்ணிக்கையில் டீ குடித்தால் உடம்பில் கஃபீன் கூடி, படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை எல்லாம் வரும். தம்மை விட்டதால் வந்த கோளாறு என்று நாம் நினைத்துக்கொள்வோம். டீயைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் பேக்கிங் அண்ணனுக்குத் தூக்கம் வந்தது.

தம்மை விடுவதற்காக நிகோட்டின் கம் வாங்குகிறவர்கள் சாதாரண சூயிங் கம் மாதிரி விடாமல் மெல்லாதீர்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். வேகமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். டீ குடித்த கையோடு போட்டாலும் சரியாகச் சேராது, கால் மணி நேரமாவது விடுங்கள். டெம்போ தம்பிக்குக் கம்மும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அந்த நோய்க்கு எந்த வடிவத்திலும் நிகோட்டின் ஆகாதாம். இதய நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தம்மை விட நினைப்பவர்களுக்கு உதவ 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. தமிழிலேயே பேசுவார்கள், தொடர்ந்து கூப்பிட்டு விசாரிப்பார்கள். 2018 இல் இருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடித்து வருகிறது. நாங்கள் ஒன்று ரெண்டாகச் சில்லறைக்கு வாங்கியவர்கள், பாக்கெட் கடைக்காரர் கையிலேயே இருந்துவிடும். எச்சரிக்கைப் படமும் அந்த எண்ணும் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. எங்களை மாதிரி ஆட்கள்தான் இங்கே அதிகம், அதனால்தான் எண்ணை எழுதியிருக்கிறேன்.

நாமக்கல், லாரி டிரைவர்

மாஸ்டர் சொன்ன பேக்கரி யோசனை எங்களுக்கு ஆகாது, எங்கள் கடை நகர்ந்துகொண்டே இருக்கும். வடநாட்டு லைன் போகிறவன் நான். நானும் கூட வரும் டிரைவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம், ரெண்டு பேருமே பீடி. கேபின் முழுக்க அந்த நாற்றம், கட்டுக்கட்டாக வாங்கி டேஷ்போர்டில் போட்டிருப்போம்.

பீடி பிடித்தால் தூக்கம் வராது என்றுதான் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் விழிக்க வைக்கும், உண்மைதான். அப்புறம் அதற்கே உடம்பு ஏங்கும், அது இல்லாவிட்டால் கண் சொருகும். இப்போது கண் கனத்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அடுத்தவரை எழுப்பிவிடுகிறோம். ரெண்டு பேருக்கும் முடியவில்லை என்றால் பெட்ரோல் பங்கில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். ஓனரிடம் முதலில் பேச்சு வாங்கினோம், பரவாயில்லை.

ஓட்டும்போது இருக்கும் ஆசையை அடக்கிவிடலாம். லோடு இறக்கக் காத்திருக்கும்போதுதான் கஷ்டம். மொழி தெரியாத ஊரில், முன்பின் தெரியாத டிரைவர் வந்து பீடியை நீட்டுவார். அதுதான் அங்கே வணக்கம். வேண்டாம் என்றால் அவர் முகம் மாறிவிடும். நாங்கள் ஊரில் இருந்து கடலை மிட்டாய் டப்பா எடுத்துப் போகிறோம். அவர் பீடியை நீட்டுவதற்குள் நாங்கள் மிட்டாயை நீட்டிவிடுவோம். பேச்சு ஓடத்தான் செய்கிறது.

ரெண்டு பேரும் எடை கூடிவிட்டோம். மிட்டாயும் காரணம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள், இருக்கட்டும். பார்க் பண்ணிய இடத்தில் வண்டியைச் சுற்றி நடக்கிறோம். கேபினில் இப்போது என் பையனை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று வர முடிகிறது.

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

மாஸ்டர் தம்பி எழுதியதைப் படித்ததும் ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்வின் தகவல்களை வைத்து, நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இருவர் 2008 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் உறவும் நட்பும் உள்ள 12,067 பேரை 1971 முதல் 2003 வரை பின்தொடர்ந்த தகவல் அது. புகையை விட்டவர்கள் தனித்தனியாக விடவில்லை, கொத்துக் கொத்தாக விட்டிருக்கிறார்கள் என்று கண்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். சின்ன நிறுவனத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவீதம். எந்தத் துணையும் இல்லாமல் தானாக விட முயல்கிறவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் பள்ளியிலும் இதன் ஒரு முகத்தைப் பார்த்தேன். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 இல் நடைமுறைக்கு வந்தபோது, மறைவாகச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நாங்களும் கலைய வேண்டியதாயிற்று. கணக்கு வாத்தியார் விட்டார், அவரைப் பார்த்துத் தமிழ் ஐயா, அப்புறம் நான். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மட்டும் விடவில்லை. மதிய நேரத்தில் நாங்கள் சேர்ந்து சாப்பிட, அவர் தனியாக வெளியே போய்விடுவார். நாளடைவில் எங்களோடு பேசுவதே நின்றுவிட்டது. அந்த ஆய்விலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் விட விட, விடாதவர்கள் கூட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று. அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நாங்கள் மூவரும் பேசிக்கொள்வோம். உங்கள் நால்வரில் யாராவது சறுக்கினால் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மஸ்கட், கட்டுமான வேலை

கேம்ப்பில் என் அறையில் எல்லாரும் புகைக்கிறவர்கள், விட நினைப்பவர் ஒருத்தரும் இல்லை. ஊரில் மச்சானும் அதே சமயத்தில் விட்டார். தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவோம், "இன்னைக்கு இல்ல மாப்ள", "எனக்கும் இல்ல மச்சான்". அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வரியைப் பொய்யாகச் சொல்ல மனசு வராது, அதிலேயே பாதி நாள் ஓடிவிட்டது.

திருப்பூர், கட்டிங் மாஸ்டர்

வாத்தியார் ஐயா, சரியான கேள்வி. பேக்கிங் அண்ணன் சறுக்கினார். அவருடைய அப்பா தவறிவிட்டார். எங்கள் பக்கத்து எழவு வீட்டில் வெற்றிலை பாக்கோடு பீடிக் கட்டும் சிகரெட்டும் தட்டில் வைத்துச் சுற்றி வரும். ராத்திரி முழுக்க முழித்திருக்கிறவர் முன்னால் யாரோ அந்தத் தட்டை நீட்டியிருக்கிறார்கள். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், டீ டைமில் எங்களோடு வராமல் பழைய பெட்டிக்கடையில் போய் நின்றார்.

சறுக்கினால் திட்டக் கூடாது என்று முன்பே பேசியிருந்தோம். ஆனால் வாயால் திட்டாமல் முகத்தால் திட்டுவது ரொம்பச் சுலபம். அயர்ன் மாஸ்டர் ஒன்றும் பேசாமல் போய் அவர் பக்கத்தில் நின்று டீ சொன்னார். நாங்களும் போனோம். டெம்போ தம்பியை மட்டும் புகை படாத தூரத்தில் உட்கார வைத்தோம். அப்பாவின் காரியத்துக்கு யார் யார் வந்தார்கள், கடன் எவ்வளவு ஆச்சு என்று அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாளும் அங்கேதான் போனோம். அதற்கடுத்த சில நாளில் அவரே, "இங்க வேண்டாம், பேக்கரிக்குப் போலாங்க, தம்பிக்கு ஆகாது" என்றார்.

அவர் இன்னும் முழுக்க விடவில்லை. வேலை நேரத்தில் இல்லை, வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று பிடிக்கிறார். அதை எங்களிடம் மறைப்பதில்லை, அந்த நேரத்தில் போன் போடவும் செய்கிறார். டெம்போ தம்பிக்குப் புண் ஆறி, விரலை எடுக்காமல் தப்பித்துவிட்டான். பழையபடி பண்டல் ஏற்றுகிறான், ஆனால் நடையில் இன்னும் கொஞ்சம் நிதானம் தேவைப்படுகிறது. அப்பாவின் திதி முடிந்ததும் நிறுத்திக்கொள்கிறேன் என்று பேக்கிங் அண்ணன் தேதி குறித்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறோம்.